நாலாவது ஆணி

பிப்ரவரி 17, சாம்பல் புதன்

இன்று முதல் ஈஸ்டர் வரை கறி இல்லை, பீடி இல்லை, பிரகாசியோடு சண்டை இல்லை. மூன்றாவதைப் பிரகாசிதான் சேர்க்கச் சொன்னாள்.

காலைப் பூசையில் ஜெரால்ட் சாமியார் எல்லார் நெற்றியிலும் பட்டும் படாமலும் சாம்பலைத் தொட்டு வைத்தார். எனக்கு மட்டும் நெற்றி நிறைய, அழுத்தமாக ஒரு சிலுவை போட்டார். மிலிட்டரியில் இருந்தவன் என்கிற மரியாதை. பிரகாசியிடம் சொன்னேன். "எடம் நெறைய கெடக்குல்லா, அதான்" என்றாள். முடி பின்வாங்கியதைச் சொல்கிறாள். மனைவி வாயில் ஒரு நல்ல வார்த்தை வராது.

மத்தியானம் பெரிய சம்பவம். எங்கள் பொத்தைவிளைக் கோயிலுக்குப் புதிய பாடுபட்ட சுரூபம், சிலுவையில் தொங்குகிற ஆண்டவர் சிலை, வந்து இறங்கியது. பழையது மரத்தால் ஆனது, கரையான் தின்றுவிட்டது. போன வருஷம் பெரிய வெள்ளிக்கிழமை சிலுவையிலிருந்து இறக்கும்போது இடது தோள் தனியாகக் கையோடு வந்து, பொம்பளைகள் அலறிவிட்டார்கள். அதனால் ஊர் கூடிப் புதியது செய்யச் சொல்லியிருந்தோம்.

வேனிலிருந்து இறக்கியது நான்தான். அதாவது எட்டுப் பேர் தூக்கினார்கள். நான் "மெல்ல, மெல்ல, ரைட்ல ஒடி" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்ல ஆள் இல்லாவிட்டால் தூக்குகிறவன் எந்தப் பக்கம் தூக்குவான்?

வைக்கோலை உருவ உருவ ஆண்டவர் வெளியே வந்தார். என்ன முகம்! தோளில் தோல் வைத்துத் தைத்து, கைகள் மடங்குகிற மாதிரி அருமையாகச் செய்திருந்தார்கள். எல்லாரும் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கால் பக்கம் வைக்கோல் எடுத்துக்கொண்டிருந்த கொத்தனார் தொம்மை கத்தினான்: "ஏய், இங்க ரெண்டு ஆணில்லா இருக்கு!"

பழைய சுரூபத்தில் ஒரு பாதத்தின்மேல் இன்னொரு பாதம் இருக்கும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஆணி. கைகளுக்கு இரண்டு, கால்களுக்கு ஒன்று, ஆக மூன்று. புதியதில் பாதங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு ஆணி. ஆக நாலு.

ஊர் அப்படியே வாயைத் திறந்தபடி நின்றது.

பிப்ரவரி 18, வியாழன்

ஒரு ஆணி கூடுதலாக வந்ததில் என்ன குடி முழுகியது என்று வெளியூர்க்காரன் கேட்பான். விஷயம் தெரியாதவன் அப்படித்தான் கேட்பான்.

பெரிய வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆண்டவரைச் சிலுவையிலிருந்து இறக்கி, பூ ஜோடித்த ஆசந்தியில் கிடத்தி, ஊரைச் சுற்றித் தூக்கி வருவோம். இறக்குவதற்கு முன் ஏணி போட்டு ஏறி ஆணிகளைப் பிடுங்க வேண்டும். அது தலைமுறை தலைமுறையாக மூன்று குடும்பத்து உரிமை. வலது கை ஆணி என் மச்சான் இஞ்ஞாசிக்கு, அதாவது பிரகாசியின் அண்ணனுக்கு. இடது கை ஆணி மேலத்தெரு ராயப்பனுக்கு. கால் ஆணி தொம்மைக்கு. பெண் கேட்டுப் போனால்கூட, "அவிய ஆணிக் குடும்பம்லா" என்று சொல்லித்தான் காப்பி கொடுப்பார்கள்.

இப்போது நாலாவது ஆணி யாருக்கு?

தப்பு எங்கே நடந்தது என்று நேற்று ராத்திரி வரை விசாரித்தார்கள். பட்டறைக்காரரிடம் உயரம் சொன்னோம், தலைமுடி சொன்னோம், விலா எலும்பு எத்தனை தெரிய வேண்டும் என்பது வரை சொன்னோம். ஆணியைச் சொல்லவில்லை. மூன்று என்பது உலகத்துக்கே தெரியும் என்று நினைத்துவிட்டோம். பழைய சுரூபத்தின் போட்டோ ஒன்று அனுப்பியிருக்கலாம். ஆனால் செத்துக் கிடக்கிற ஆண்டவரைப் போட்டோ பிடிக்கக் கூடாது என்பது எங்கள் ஊர்ப் பழக்கம். பட்டறைக்காரரைக் குறை சொல்ல முடியாது. அவர் ஊரில் நாலாக இருக்கும்.

சாமியாரிடம் கேட்டார்கள். மூன்று ஆணியா, நாலு ஆணியா என்று வேதபுத்தகத்தில் போடவில்லையாம். அந்தக் காலத்துப் படிப்பாளிகளே இதில் இரண்டு கட்சியாம். "எத்தனை ஆணிங்கிறது முக்கியமில்ல, எதுக்காக அறைஞ்சாங்கங்கிறதுதான் முக்கியம்" என்றார். வயசு குறைந்த சாமியார். ஊரைப் புரிந்துகொள்ள இன்னும் நாளாகும்.

எனக்கு அந்த ஆணிமேல் ஆசை என்று யாரும் நினைக்க வேண்டாம். பிரகாசியைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்து இத்தனை வருஷம் ஆயிற்று. கருமேனி ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஆள் என்று இன்னமும் என்னை ஆசந்தியின் கம்பைக்கூடத் தொட விடவில்லை. அந்த ஆற்றில் தண்ணீர் ஓடி நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் அந்தப் பக்கம் அந்தப் பக்கம்தானாம். போகட்டும். ஆசை எல்லாம் இல்லை.

பிப்ரவரி 21, ஞாயிறு

பூசை முடிந்து ஊர்க்கூட்டம். இரண்டு கால் ஆணியும் தனக்குத்தான் என்றான் தொம்மை. காலுக்கு உரிமை என்றால் இரண்டு காலுக்கும்தானே என்பது அவன் கட்சி.

"நாளைக்கி கைலயும் ரெண்டு ஆணி வந்தா நாங்க எங்க போவ?" என்று ராயப்பன் துள்ளினான். "ஒரு குடும்பத்துக்கு ரெண்டு ஆணின்னா, நான் ஏணியே புடிக்க மாட்டேன்."

திருவுளச்சீட்டுப் போடலாம் என்றான் மச்சான். சாமியார் சிரித்துவிட்டார். "சிலுவைக்கு அடியில உக்காந்து சீட்டுப் போட்டவங்க யாருன்னு ஞாபகம் இருக்கா?" ஆண்டவரின் உடுப்புக்குச் சீட்டுப் போட்ட சேவகர்கள்தான். மச்சானின் சீட்டு அதோடு போயிற்று.

அப்போதுதான் ராயப்பன் ஒரு புத்திசாலித்தனமான வார்த்தை சொன்னான். மூன்று குடும்பத்தில் யாருக்குக் கொடுத்தாலும் மற்ற இரண்டுக்கும் வயிறு எரியும். அதனால் எந்தக் குடும்பத்திலும் சேராத ஆளுக்குக் கொடுப்போம். "நம்ம மிலிட்டரி மாமா இருக்காருல்லா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். இமயமலையில் பனிக்குள் காவல் நின்றபோதுகூட எனக்கு இப்படிக் காது சுட்டதில்லை.

மச்சான் மட்டும், "வெளியூர் மாப்ளைக்கா?" என்று முணுமுணுத்தார். முடிவைக் குருத்தோலை ஞாயிறன்று சொல்வதாகக் கூட்டம் கலைந்தது. மற்றவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். முக்கால்வாசி கிடைத்த மாதிரிதான்.

வீட்டுக்கு வந்து கிணற்று மோட்டாரைக் கழற்றினேன். மாட்டத்தான் முடியவில்லை.

பிப்ரவரி 24, புதன்

சுரூபம் வந்த பெட்டிப் பலகையில் ஆணி அடித்து, குறடால் பிடுங்கிப் பழகினேன். சத்தம் வராமல் பிடுங்குவது ஒரு கலை. கர்னல் சாரே என் கைப்பிடியைப் பார்த்து அசந்திருக்கிறார். பிரகாசி வந்து, "மோட்டார் கெடையா கெடக்கு. பலகையில என்ன பண்ணுதிய?" என்றாள். மூன்றாவது விரதம் ஞாபகம் வந்து பேசாமல் இருந்தேன்.

பிப்ரவரி 28, ஞாயிறு

தொம்மை என் பஞ்சர் கடைக்கு வந்து டயருக்குக் காற்று அடித்துக்கொண்டான். போகும்போது சும்மா போகவில்லை.

"மாமா, நாலாவது ஆணி ஒமக்குத்தான்னு பேசிக்கிடுதாவ. பஞ்சர் கடைக்காரருக்குப் பொருத்தந்தான். அது ஸ்டெப்னி ஆணில்லா!"

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஆண்டவரின் ஆணியை ஸ்டெப்னி என்கிறான்! நான் டியூபைத் தண்ணீரில் அமுக்கியபடி, நிதானமாகச் சொன்னேன்.

"சிரிங்கலே, சிரிங்க. அந்த ஆணியோட கதை தெரிஞ்சா ஒருத்தனும் சிரிக்க மாட்டிய. எருசலேம்ல ஆண்டவருக்குன்னு கொல்லன் அடிச்சது மூணு ஆணி இல்ல, நாலு. ராத்திரி ஆறட்டும்னு வாசல்ல வச்சிருந்தான். ஒரு களவாணி அந்தப் பக்கம் வந்தான். சட்டி பானை களவாங்க வந்தவன். ஆணியப் பாத்தான். இது எதுக்குன்னு அவனுக்குத் தெரியும். நாலையும் எடுத்தா கொல்லன் முழிச்சிக்கிடுவான். ஒண்ண மட்டும் எடுத்து மடியில சொருவிட்டு ஓடிட்டான். காலைல பாத்தா மூணுதான் இருக்கு. வேற அடிக்க நேரமில்ல. அதனாலதான் ரெண்டு காலயும் ஒண்ணா வச்சு அறைஞ்சான். ஒரு ஆணி வலி ஆண்டவருக்குக் கொறைஞ்சுது. அந்தக் களவுபோன ஆணிதாம்ல நாலாவது ஆணி. இத்தனை காலம் கழிச்சு நம்ம ஊருக்கு வந்திருக்கு. ஸ்டெப்னியாம்!"

டியூபில் ஓட்டை இருந்த இடத்தில் குமிழி வந்துகொண்டே இருந்தது. அதைக்கூட யாரும் பார்க்கவில்லை.

"எங்க கேட்டிய மாமா?" என்றான் தொம்மை.

"கர்னல் சார் சொன்னது. ரோமாபுரிக்குப் போய்ட்டு வந்தவரு."

கடைக்குள் அரிசி புடைத்துக்கொண்டிருந்த பிரகாசி, சுளகை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் வேலை பார்த்த திருச்சி ரயில்வே கேண்டீனில் ஏது கர்னல் என்று கேட்கிற பார்வை. கேண்டீனுக்குக் கர்னல் வரக் கூடாதா?

மார்ச் 3, புதன்

பஸ்ஸில் டிக்கெட் கிழித்தபடி கண்டக்டர் என்னிடமே கதையைச் சொன்னார். அவர் கதையில் களவாணிக்கு ஒரு கண் தெரியாது. ஆணியைத் தொட்டதும் தெரிந்துவிட்டதாம். நன்றாகத்தான் இருந்தது. "ரெண்டு கண்ணும்" என்று திருத்திக் கொடுத்தேன்.

மார்ச் 7, ஞாயிறு

அநியாயம் நடந்தது.

பூசை முடிந்து முற்றத்தில் பேசிக்கொண்டிருந்தோம். மச்சான் என்னைப் பார்த்துச் சிரித்தபடி வந்தார். அவர் சிரித்தாலே எனக்கு ஆகாது.

"மாப்ளே, அருமையான கதை சொன்னீரு. களவாணி எடுத்த ஆணி. அப்பம் அதப் புடுங்க வேண்டியதும் ஒரு களவாணிதான? ஒமக்கு எப்படிப் பொருந்தும்?"

எல்லாரும் சிரித்தார்கள். வேடிக்கைக்குத்தான் சொன்னார். ஆனால் பொம்பளைகள் பக்கத்திலிருந்து ராயப்பன் பொண்டாட்டி, "சிரிக்காதிய. மச்சான் சொன்னதுல ஞாயம் இருக்கு" என்றாள். "ஆண்டவரு மோட்சத்துக்கு மொதல்ல கூட்டிட்டுப் போனது யார? சீடரு ராயப்பரையா? மாதாவையா? பக்கத்துச் சிலுவைல கெடந்த கள்ளனைல்லா?" இன்னும் நாலு பேர் "ஆமா, ஆமா" என்றார்கள். சாமியாரும், "அது சரிதான்" என்றார். சும்மா இருந்திருக்கலாம்.

பிறகு ஒவ்வொரு தலையாக வாசல் பக்கம் திரும்பியது.

வாசலில் செருப்புகள் கிடக்கிற இடத்தில் பல்பு எஸ்தாக்கி நின்றுகொண்டிருந்தான். திருவிழாவுக்குக் கோயிலில் தொங்கவிட்ட சீரியல் பல்பு முழுவதையும் கழற்றிக் கொண்டுபோய் விற்றுக் குடித்தவன். அதற்கப்புறம் வேறு ஊர்களிலும் கை வைத்து, பாளையங்கோட்டை ஜெயிலில் இருந்துவிட்டு வந்தான். இப்போது செங்கல் சூளையில் வேலை. குடி இல்லை, ஒன்றும் இல்லை. ஆனாலும் பூசைக்கு உள்ளே வர மாட்டான். அவன் நிற்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் புதுச் செருப்பு போட்டவர்கள் அதைப் பையில் வைத்து உள்ளே கொண்டுபோய்விடுவார்கள்.

ஊர் முழுக்கத் தன்னைப் பார்ப்பதைப் பார்த்ததும் அவன் என்ன செய்தான் தெரியுமா? இரண்டு கையையும் விரித்துக் காட்டினான், ஒன்றும் எடுக்கவில்லை என்று. அப்புறம் வேகமாகப் போய்விட்டான்.

யாரும் சிரிக்கவில்லை.

என் ஆணி போயிற்று. என் கதையே என் காலை வாரிவிட்டது.

மார்ச் 8, திங்கள்

விடிந்ததும் ஒரு யோசனை. களவாணிதான் வேண்டுமென்றால் நான் மட்டும் என்ன, யோக்கியனா?

நேரே சாமியாரிடம் போனேன். மிலிட்டரியில் ஜீப் ஒன்றைக் கடத்தி ஆக்ராவில் விற்றதைச் சொன்னேன். ஒரு லாரி நிறைய ஆப்பிள் கடத்தியதைச் சொன்னேன். தாஜ்மஹாலில் ஒரு சின்னப் பளிங்குக் கல்லைப் பெயர்த்ததையும் சொன்னேன். இன்னும் அங்கே ஓட்டை இருக்கிறது.

சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மாமா, இதுல எதையாவது நெஜமா செஞ்சிருந்தா பாவசங்கீர்த்தனத் தொட்டியில வந்து சொல்லுங்க. செய்யலன்னா, இப்பச் சொன்ன பொய்க்காக வந்து சொல்லுங்க."

வெளியே மச்சான் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நீரா? களவா? எங்க வீட்டு மாங்காயத் திருட்டுத்தனமாப் பறிக்க எங்கிட்டயே ஏணி கேட்டு வாங்கிட்டுப் போனவருல்லா நீரு!"

ஏணி இல்லாமல் எப்படிப் பறிப்பது?

மார்ச் 10, புதன்

மச்சானுக்குப் பாடம் கற்பிக்க, மச்சான் வீட்டுக் கோழியையே தூக்குவது என்று முடிவு செய்தேன். ஒரு கோழி போனால் போதும், களவாணி என்று பெயர் வந்துவிடும்.

மத்தியானம், ஆள் நடமாட்டம் இல்லை. மதில் ஏறிக் குதித்து, செவலைக் கோழியைப் பிடித்து வேட்டிக்குள் மறைத்தேன். மச்சான் பொண்டாட்டி வந்துவிட்டாள்.

"வாங்கண்ணே! ஏன் மதில் ஏறி வாரிய? கதவு தெறந்துதான கெடக்கு?"

கோழி வேட்டிக்குள் கத்தியது.

"கோழி வேணுமாண்ணே? அது அடைக்கு உக்காரப்போவுது, அத உட்ருங்க. இந்தச் சேவலக் கொண்டு போங்க. ஈஸ்டருக்கு ஆவும்." காலைக் கட்டிப் பையில் போட்டுக் கையில் கொடுத்தாள். காப்பி குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றாள். முறுக்கும் வைத்தாள்.

சேவல் இப்போது எங்கள் வீட்டில் நிற்கிறது. தவக்காலம், அறுக்கவும் முடியாது. விடியற்காலையில் எழுப்பி உயிரை வாங்குகிறது. இந்த ஊரில் மனுஷன் நிம்மதியாக ஒரு களவு செய்ய முடியாது.

மார்ச் 14, ஞாயிறு

எஸ்தாக்கி தானாக வேண்டாம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது கதை. அதனால் அவன் வீட்டுக்குப் போனேன். அந்தப் பக்கம் நான் போனதே இல்லை.

குளித்துவிட்டு வந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். தான் கீழே உட்கார்ந்துகொண்டான். நான் பேச்சை ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே, "மாமா, எனக்கு அந்த ஆணி வேண்டாம். நீங்களே எடுத்துக்கிடுங்க" என்றான். "நான் எதுக்கு? ஏணியில நிக்கயிலே எவனாவது பல்புன்னு கூப்பிட்டுட்டா, எல்லாரும் என்னையப் பாத்துச் சிரிப்பாவ. அன்னைக்கு ஆண்டவர மட்டுந்தான் பாக்கணும்."

வந்த காரியம் காப்பி குடிக்கும் முன்பே முடிந்தது. எழுந்திருக்கப் போனேன்.

"அந்தக் கதை நெசமா மாமா?"

"பின்ன?"

"அந்தக் களவாணி ஆணிய என்ன செஞ்சான்? வித்துட்டானா?"

அதுவரை நான் யோசிக்கவில்லை. அதாவது கர்னல் சார் அதுவரை சொல்லியிருக்கவில்லை. ஆனால் அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"விக்கல. வச்சிருந்தான்."

"எதுக்கு?"

"திருப்பிக் குடுக்க. ஆண்டவரு உயிர்த்து வந்த பொறவு தேடிப் போனான். 'ஆண்டவரே, ஒம்ம ஆணி ஒண்ணு எங்கிட்ட இருக்கு'ன்னு நீட்டுனான்."

"அவரு என்ன சொன்னாரு? பிடிச்சிக் குடுத்திட்டாரா?"

"சே! 'எல்லாவனும் எனக்கு வலியத்தான் குடுத்தான். நீ ஒருத்தந்தான் எங்கிட்டருந்து எடுத்தவன்'னு சொன்னாராம்."

எனக்கே தெரியாமல் வாயில் வந்தது. வந்தது என்றால், ஞாபகம் வந்தது.

எஸ்தாக்கி நகத்திலிருந்த செங்கல் தூளை நோண்டிக்கொண்டே இருந்தான். உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அவன் பொண்டாட்டி ரீத்தா தேய்ப்பதை நிறுத்திவிட்டாள்.

வெளியே வந்தபோது கொடியில் ஒரு வேட்டி காய்ந்தது. ஆணி எடுக்கிறவர்கள் கட்டுகிற மாதிரி, கரை இல்லாத வெள்ளை வேட்டி. பழசுதான். வெளுத்து வெளுத்து, நீலம் கூடுதலாகிவிட்டது. இரண்டு இடத்தில் புதிதாகத் தையல் போட்டிருந்தது. ரீத்தா ஓடி வந்து அதை அவசரமாக உருவிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். வெயிலில் நன்றாகக் காயவே இல்லை. ஏன் எடுத்தாளோ.

மார்ச் 15, திங்கள்

மோட்டார் ஓடுகிறது. எழுத வேறு ஒன்றும் இல்லை.

மார்ச் 22, திங்கள்

பிரகாசி, "ஏன் ஒரு வாரமா ஊர்க்கதை ஒண்ணும் பேச மாட்டங்கிய? மேலுக்கு முடியலயா?" என்று கேட்டுச் சுக்குக் கஷாயம் போட்டுத் தந்தாள். பீடி விட்ட அலுப்பு என்றேன்.

மார்ச் 28, குருத்தோலை ஞாயிறு

கூட்டம் கோயிலுக்குள்ளேயே நடந்தது. எல்லார் கையிலும் ஓலை.

எஸ்தாக்கி தனக்கு வேண்டாம் என்று சாமியாரிடமும் சொல்லிவிட்டானாம். ஆனால் பொம்பளைகள் விடவில்லை. கதைப்படி ஆணி களவாணிக்குத்தான், அவன் வேண்டாம் என்றாலும் ஊர் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். ஆம்பிளைகளில் பாதிப்பேர், அவன் தொட்டால் சுரூபமே இருக்காது என்கிறார்கள். பேச்சு முற்றி, கடைசியில் ராயப்பன் எழுந்தான்.

"இது எல்லாத்துக்கும் காரணம் மிலிட்டரி மாமா சொன்ன கதை. அவருகிட்டயே கேப்போம். மாமா, நீங்க சொன்னது நெசந்தான்னா ஆணி எஸ்தாக்கிக்கு. இல்ல, சும்மா வாய்க்கு வந்ததச் சொன்னேன்னா, அதுலயும் ஒண்ணுமில்ல. மொத பேசுன மாதிரி ஆணி ஒங்களுக்கு. சொல்லுங்க."

மச்சான் முன்னால் வந்தார். ஆச்சரியம், அவர் என் பக்கம் பேசினார். "மாப்ளே, கதைதான்னு சொல்லிரும். ஒரு வார்த்தை. ஏணிய நானே புடிக்கேன் ஒமக்கு."

வந்த நாளிலிருந்து அவர் எனக்காகச் சொன்ன முதல் வார்த்தை.

நான் நிமிர்ந்து பார்த்தேன். புதுச் சுரூபம் பீடத்தின் பக்கத்தில் துணி மூடி நின்றது. பாதம் மட்டும் வெளியே தெரிந்தது. அந்த ஆணி பளபளவென்று இருந்தது. குறடே வேண்டாம், கையாலேயே உருவிவிடுவேன். வாசல் பக்கம் பார்த்தேன். எஸ்தாக்கி எனக்குத் தலையை ஆட்டினான். சொல்லுங்க மாமா, எடுத்துக்கிடுங்க என்று. அவனுக்குப் பின்னால் ரீத்தா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

கையிலிருந்த ஓலை வேர்வையில் நனைந்துவிட்டது. வெயில் காலம்.

"நெசந்தான்" என்றேன்.

"சத்தியம் பண்ணும்" என்றார் மச்சான்.

"சத்தியம் எல்லாம் வேண்டாம்" என்று சாமியார் குறுக்கே வந்தார். "ஆமாவா, இல்லையா, அது போதும்."

"ஆமா. கர்னல் சார் என் தோள்ல கை போட்டுச் சொன்னது. அந்தக் கொல்லன் பேருகூடச் சொன்னாரு, எனக்குத்தான் வாயில நொழையல. எபிரேயப் பேரு."

மச்சான் என் பக்கத்தில் வந்தார். "ஒமக்குப் புத்தி கெட்டுப்போச்சு" என்று மெல்லச் சொன்னார். ஆனால் கோபமாகச் சொல்லவில்லை.

எஸ்தாக்கியை உள்ளே கூப்பிட்டார்கள். செருப்பில்லாத கால்தான், ஆனாலும் வாசல் படியில் பாதத்தைத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்துவிட்டு வந்தான். "நான் ஏணில ஏறுனா ஊரு ஒத்துக்கிடுமா சாமி?" என்று கேட்டான்.

தொம்மை சொன்னான்: "ஏறுறதுல என்னடே பயம்? கரெண்டுப் போஸ்ட்டுல ஏறிப் பழக்கந்தான?"

கோயிலே சிரித்தது. எஸ்தாக்கியும் சிரித்துவிட்டான். அவனுக்கு முன்பல் ஒன்று இல்லை என்பதை அன்றுதான் பார்த்தேன்.

வீட்டில் பிரகாசி சாளை மீனில் பெரியது நாலையும் என் தட்டிலேயே வைத்தாள்.

ஏப்ரல் 1, பெரிய வியாழன்

கோயில் மணியை அடிக்காமல் கட்டிவிட்டார்கள். இனி ஈஸ்டர் வரை மரக்கட்டைதான் தட்டுவார்கள். எஸ்தாக்கி கடைக்கு வந்து, ஆணி பிடுங்கச் சொல்லித்தரக் கேட்டான். பெட்டிப் பலகையைக் கொடுத்தேன். என்னைவிடச் சத்தமில்லாமல் பிடுங்குகிறான். தொழில் பழக்கம்.

ஏப்ரல் 2, பெரிய வெள்ளி

காலையில் உப்பில்லாக் கஞ்சி. மத்தியானம் சிலுவைப் பாதை. சாயங்காலம் இறக்குதல்.

மச்சான் வலது கையை எடுத்தார். ராயப்பன் இடது கையை எடுத்தான். கைகள் இரண்டும் மடங்கித் தொங்கியதும் பொம்பளைகள் புலம்பல் பாட்டை எடுத்தார்கள். தொம்மை இடது கால் ஆணியை உருவினான். பிறகு எஸ்தாக்கி.

கால் ஆணிக்கு ஏணியில் நாலு படி ஏறினால் போதும். நீலம் போட்ட வேட்டியோடு ஏறினான். மற்றவர்கள் ஏறியதும் ஆணியில் கை வைத்தார்கள். இவன் வைக்கவில்லை. முதலில் இடது கையைப் பாதத்துக்கு அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டான், ஆணி போனதும் கால் தொப்பென்று விழுந்துவிடக் கூடாது என்று. இத்தனை வருஷத்தில் மூன்று குடும்பத்தில் ஒருத்தருக்கும் இது தோன்றியதில்லை. பாட்டு தானாக நின்றுவிட்டது. ஆணி வந்த சத்தமே கேட்கவில்லை.

இறங்கும்போது ஆணியை விடாமல் ஒற்றைக் கையால்தான் ஏணியைப் பிடித்தான். கீழேயிருந்து மச்சான் கை கொடுத்தார். "பாத்து எறங்கு, எஸ்தாக்கி" என்றார். பல்பு என்று சொல்லவில்லை.

எனக்குக் கண்ணில் தூசி. குங்கிலியப் புகை அதிகம் போட்டுவிட்டார்கள்.

ஏப்ரல் 4, ஈஸ்டர்

சேவலை அறுத்தோம். மச்சான் குடும்பத்தையும் எஸ்தாக்கி குடும்பத்தையும் பிரகாசி சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். சேவல் கிடைத்த கதையை மச்சான் பொண்டாட்டி சொல்ல, எஸ்தாக்கிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. "மாமா, கோழியக் காலப் பிடிச்சித் தூக்கக் கூடாது, கத்தும். றெக்கையோட அணைச்சித் தூக்கணும்" என்றான். கேட்டுக்கொண்டேன்.

எல்லாரும் போன பிறகு பிரகாசி தட்டைக் கழுவியபடி சொன்னாள்: "எத்தனையோ பொய் சொல்லிருக்கிய. இந்த ஒண்ணுக்குத்தான் நான் சந்தோசப்பட்டேன்."

பொய்யாம்! எபிரேயப் பெயர்வரைக்கும் சொன்ன பிறகும்.

ஏப்ரல் 5, திங்கள்

கடையைத் திறந்ததும் தொம்மை நின்றுகொண்டிருந்தான். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "மாமா, நாலாவது ஆணி வருசா வருசம் களவாணிக்குத்தான? எந்தம்பிக்கு அடுத்த வருசம் கேக்கணும். கோயில் கட்டயில சிமிட்டி மூடை ரெண்டு எடுத்தது அவன்தான்."

பத்து மணிக்கு ராயப்பன் வந்தான். மருமகன் பக்கத்து வயலுக்கு வருகிற தண்ணீரை இருட்டோடு இருட்டாகத் திருப்பி விடுகிறவனாம். அது களவில் சேருமா என்று கேட்டான். சேரும் என்றேன். முகம் மலர்ந்து போனான். பிறகு பால் பண்ணைக்காரர், தண்ணீர் கலந்ததைச் சொல்ல வந்தார். பிறகு கண்டக்டர். அவர் நம் ஊரே இல்லை.

சாயங்காலம் மச்சானே வந்துவிட்டார். பெஞ்சில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, வானத்தைப் பார்த்து, கடைசியில் சொன்னார்: "மாப்ளே, நீரு இங்க வந்த புதுசுல ஒரு காத்தடிக்கிற பம்பு காணாமப் போச்சுல்லா? பித்தளை பம்பு. அது நாந்தான்."

"மச்சான்! ஒமக்குத்தான் ஒரு ஆணி இருக்கே!"

"ரெண்டு இருந்தா ஏணிய விட்டு எறங்காம ஒரேயடியா முடிச்சிரலாம்லா" என்றார். வெட்கமே இல்லை.

வரிசையில் நிற்கச் சொல்லி அனுப்பினேன். கடையைச் சாத்தும்போது பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு வீடாக எண்ணிப் பார்த்தேன். மேலத்தெரு, கீழத்தெரு, கோயில் பக்கம். எவனும் மிச்சமில்லை. பொத்தைவிளை முழுக்கச் சல்லடை போட்டுச் சலித்தாலும், இந்த ஊரில் அடுத்தவன் பொருளில் கை வைக்காத ஒரே மனுஷன் நான்தான்.

வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரு வார்த்தை கூட்டாமல் பெருமைப்பட ஒரு விஷயம் கிடைத்திருக்கிறது. எடுத்துச் சொன்னால் எவனும் நம்ப மாட்டான்.